மாலைப் பாட்டுக்கு வேறு வாய்

கிழக்குத் தாம்பரம்
12 ஜூன் 2025

மதிப்பிற்குரிய திரு. ஜெபகுமார் அவர்களுக்கு,

இதைச் சமாதானக் கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம். நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் உங்களைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று காலை மார்க்கெட்டிலிருந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு சாவு ஊர்வலம். பல்லக்கு, சாமந்திப்பூ, பட்டாசு எல்லாம் பலமாக இருந்தது. முன்னால் பெருங்களத்தூர் ரத்தினத்தின் பேண்ட் செட். அவர்கள் என்ன வாசித்துக்கொண்டு போனார்கள் தெரியுமா? நம்முடைய மாலைப் பாட்டை. பழைய போதகர் ஐயா எழுதி, நீங்கள் மெட்டுப் போட்டு, நம் சபைக்கு வெளியே எவரும் அறியாத அதே பாட்டை. நம்மவர்களை அடக்கம் செய்ய வந்த இடங்களில் ரத்தினம் கேட்டுப் பிடித்திருக்க வேண்டும். கல்யாண ஊர்வலத்து வேகம். கடைசி வரியில் உச்சிக்கு ஏறும் இடத்தை டிரம்பெட் தவறவிட, அந்தப் பெரிய குழல் மட்டும் கீழே நின்று ‘பொம் பொம்’ என்று முழங்கிக்கொண்டிருந்தது.

நான் நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன். பூ விற்கும் செல்லியம்மாள், "இன்னாம்மா, செத்தவங்க உனுக்கு வேண்டாதவங்களா?" என்று கேட்டாள். நான் வலப்பக்கம் திரும்பினேன். கிறிஸ்துமஸுக்கு வீடுவீடாகப் பாடப் போகும் கரோல் வேனில் என் கணவர் தனசிங் எப்போதும் எனக்கு வலப்பக்கம்தான் உட்காருவார். அங்கே ஒரு சுவரும் அதில் ஒரு ரியல் எஸ்டேட் விளம்பரமும் இருந்தன.

உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, டிசம்பரில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே அந்த வேனில் நாம் மூவரும் ‘வேறு வாய்’ விளையாடுவோம். ஒருவர் பாட்டைச் சொல்ல வேண்டும். மற்றவர், அதை ஒருநாளும் பாடவே மாட்டாத ஓர் ஆளைச் சொல்ல வேண்டும். யாருடைய ஆள் நிஜமாகக் காதில் கேட்கிறாரோ அவர் ஜெயித்தார். பெரும்பாலும் தனசிங்தான் ஜெயிப்பார். நேற்று அவர் இருந்திருந்தால் ரத்தினத்துக்கே பரிசு கொடுத்திருப்பார்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மற்றது நீங்கள் அறிந்ததே. என் கணவரின் அடக்க ஆராதனையில், அவர் பெட்டி முன்னால் இருக்க, நான் தனியாகப் பாட வேண்டிய அந்தப் பாட்டை நீங்கள் கீபோர்டில் சுருதியை ஒரு முழுக் கட்டை இறக்கி வாசித்தீர்கள். இந்தக் கிழவியால் இனி மேலே ஏற முடியாது என்று என்னைக் கேட்காமலே முடிவு செய்தீர்கள். பாதியில் உட்கார்ந்தேன். அழுகிறாள் என்று சபையார் நினைத்தார்கள். நான் அழவில்லை.

பதில் அவசியமில்லை.

இப்படிக்கு,
அபிகாயில் தனசிங்


நாவலூர்
21 ஜூன் 2025

கர்த்தருக்குள் பிரியமான மிஸஸ் தனசிங் அவர்களுக்கு,

அவசியமில்லை என்று எழுதிவிட்டு, உறையின் பின்புறத்தில் பின்கோடு வரை உங்கள் முகவரியைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

திட்டியது திட்டியபடியே இருக்கட்டும். அடக்க ஆராதனை பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

ஆனால் ரத்தினத்தின் பெரிய குழல்! கடிதத்தைப் படித்ததும் அது எனக்குக் கேட்டது. சோபாவில் உட்கார்ந்தபடி ‘பொம் பொம்’ என்றிருக்கிறேன் போலிருக்கிறது. மகள் ரேஷ்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து நெஞ்சுவலியா என்று கேட்டாள். நான் போட்ட மெட்டு ஊர் பேர் தெரியாத ஒருவருடைய சாவுக்குப் போயிருக்கிறது என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். பல்லாவரம் தோல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

மகள் வீட்டில் சௌகரியத்துக்குக் குறைவில்லை. பதினோராவது மாடி. மருமகன் கேஷவ் நல்ல பையன், லேப்டாப்பிலிருந்து தலை நிமிரும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பான். கரண்ட் போனால் கீழே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். என் முறைக்கு அதைச் சொல்கிறேன். மாலைப் பாட்டு, பாடுவது எங்கள் குடியிருப்பு ஜெனரேட்டர். முதலில் தொண்டையைக் கனைக்கும். பிறகு சுருதியில் நிற்கும் பாருங்கள், தரை வழியாகப் பாதத்துக்கு வரும். எவரும் கைதட்டாத நேரத்தில் டக்கென்று நிறுத்திவிடும், நம் போதகர் ஐயா ஜெபத்தை முடிப்பது மாதிரி.

உங்கள் முறை.

அன்புடன்,
ஜெபகுமார்


கிழக்குத் தாம்பரம்
9 ஜூலை 2025

மதிப்பிற்குரிய திரு. ஜெபகுமார் அவர்களுக்கு,

ஜெனரேட்டர் செல்லாது. விளையாட்டின் பெயர் வேறு வாய். ஜெனரேட்டருக்கு ஏது வாய்? தனசிங் இருந்தால் அரை மதிப்பெண் போட்டிருப்பார், அவர் இளகிய மனசுக்காரர். நான் போடமாட்டேன்.

என் முறை. கான்வென்டில் காலை மணி அடித்ததும் வரிசையில் நின்று நாங்கள் ஓர் ஆங்கில ஜெபப் பாட்டுப் பாடுவோம். மதர் பெர்னதெத் எங்களை உதடு பிரிக்காமல் பாட வைப்பார். பல் தெரிந்தால் அது பாட்டு இல்லை, சந்தைக் கூச்சல் என்பார். ஆறு வயதிலிருந்து பதினாறு வரை நான் பல் தெரியாமல் கடவுளைத் துதித்தேன். அந்தப் பாட்டை எங்கள் செல்லியம்மாள் பாட வேண்டும். தலையில் கூடை, வாயில் வெற்றிலை, மழைத் தண்ணீர் தேங்கிய தெரு. "மல்லீ... முல்லே..." என்று அவள் இழுக்கும் அந்தக் கடைசி இழுப்பு இரண்டு தெரு தாண்டிப் போய், திரும்பி வரும். அதே இழுப்பில் ‘ஆமென்’. மதர் பெர்னதெத் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். அதுவும் என் நிபந்தனை.

நேற்று இதை அவளிடம் சொன்னேன். "பாடறேன்மா, எத்தினி மொழம் வாங்குவே?" என்றாள்.

உங்கள் பக்கம் குயில் உண்டா? இங்கே வேப்பமரத்துக் குயில் இந்த வருடம் விடாமல் கூவுகிறது. முன்பெல்லாம் அது ஒவ்வொரு கூவலுக்கும் எவ்வளவு ஏறுகிறது, எங்கே போய் உடைகிறது என்று கணக்காகச் சொல்வீர்கள். உங்கள் ஊர்க் குயில் எங்கே உடைகிறது என்று எழுதுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. போன செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். அவசரம் ஒன்றுமில்லை. ரேஷ்மாதான் எடுத்தாள். "அப்பா போன்லலாம் பேச மாட்டாரு ஆன்ட்டி. நான் ஏதாச்சும் சொல்லணுமா?" என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். என்னோடு பேச விருப்பமில்லை என்றால் நேராகவே சொல்லலாம்.

இப்படிக்கு,
அபிகாயில் தனசிங்


நாவலூர்
22 ஜூலை 2025

பிரியமான மிஸஸ் தனசிங்,

போன் விஷயம் நீங்கள் நினைப்பது போல இல்லை. இந்தக் காலத்துப் போன்கள் எனக்குச் சரிப்படவில்லை, அவ்வளவுதான்.

மதர் பெர்னதெத்தை முதல் வரிசையில் உட்கார வைத்தது அநியாயம். ஆனாலும் ஜெயித்தது நீங்கள்தான். செல்லியம்மாளின் ‘ஆமென்’ மார்க்கெட் தாண்டி ரயில்வே கேட் வரை போயிருக்கும்.

வாய் வேண்டும் என்றீர்கள். கொண்டு வந்திருக்கிறேன். பெரும்பாக்கம் சதுப்பில் எருமைகள் நிற்கும் அல்லவா, பேருந்தில் வரும்போது பார்த்திருப்பீர்கள். அவை பாட ஒரு தாலாட்டு. தண்ணீரில் கழுத்துவரை நின்று, ஒன்று தொடங்க, மற்றொன்று வாங்கிக்கொள்ள, குழந்தை தூங்காது, ஆனால் பயமும் போய்விடும். அடுத்து, நம் கிறிஸ்துமஸ் கோரஸ், நான்கு குரலுக்கும் மருமகன் கேஷவின் குறட்டை. ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு அவன் படுத்தால் பாஸ் என்கிற அடிக்குரல் பகுதி முழுவதையும் ஒற்றை ஆளாகத் தாங்குவான். மூன்றாவதாக, உங்கள் கான்வென்ட் பாட்டையே ஆலயத்தைப் பெருக்கி மணி அடித்துவந்த நம் பழைய கோவில்பிள்ளை ஆபேல் பாட வேண்டும், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற அந்தக் குரலில், பெஞ்சுகளைத் தள்ளிக்கொண்டே.

குயில் இங்கே வருவதில்லை. பதினோராவது மாடிக்கு அது எதற்கு ஏறி வரப் போகிறது?

போன வாரம் கேஷவ், "அங்கிள், நீங்க சர்ச்ல ஆர்கன்லாம் வாசிச்சீங்களாமே, ஒரு கீபோர்டு ஆர்டர் போடட்டா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இடத்தை அடைக்கும்.

அன்புடன்,
ஜெபகுமார்


கிழக்குத் தாம்பரம்
4 ஆகஸ்டு 2025

திரு. ஜெபகுமார் அவர்களுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களையும் எதிரே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரிய குழல், ஜெனரேட்டர், எருமை, குறட்டை, ஆபேல். ஒன்றுகூட மேலே ஏறவில்லை. எல்லாம் தரையோடு தரையாக இருக்கிறது.

உங்களுடைய ஆட்கள் இப்படி இருந்ததே இல்லை. வேனில் நீங்கள் சொன்னவர்கள் எல்லாம் உயரத்தில் பாடுகிறவர்கள். ஐஸ்காரரின் மணி, ஞாயிறு பள்ளி வாண்டுகள், அடுப்பில் வைத்த கெட்டில், பல் முளைக்காத குழந்தை. ‘இவருக்குக் கீழே இறங்கவே தெரியாது’ என்று தனசிங் கேலி செய்வார். இப்போது உங்கள் பாடகர்களில் ஒரு பெண் இல்லை. ஒரு குழந்தை இல்லை. ஒரு பறவை இல்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் காதில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவள் நான். மறுமுனையில் இருப்பவர் எதைக் கேட்கிறார், எதைக் கேட்டதாக நடிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். கேட்காதவர்கள் பெரும்பாலும் சிரிப்பார்கள். அல்லது இந்தக் கருவி சரியில்லை என்பார்கள்.

நாவலூரில் குயில் இருக்கிறது. தனம், என் வீட்டில் வேலை செய்யும் பெண், அவள் தங்கை உங்கள் பக்கத்துக் குடியிருப்பில்தான் வேலை செய்கிறாள். விசாரித்தேன். "கூவிக்கினே கீதாம்மா, பேஜாரா கீதாம்" என்று பதில் வந்தது.

உங்கள் காது எவ்வளவு போயிருக்கிறது? எப்போதிலிருந்து? அடக்க ஆராதனை அன்று நீங்கள் சுருதியை இறக்கினீர்களா, அல்லது இறங்கியிருந்ததே உங்களுக்குத் தெரியவில்லையா?

மழுப்பாமல் எழுதவும்.

அபிகாயில் தனசிங்


நாவலூர்
19 ஆகஸ்டு 2025

அன்புள்ள அபிகாயில்,

ரேஷ்மாவுக்குக்கூட முழுதாகத் தெரியாது. அப்பாவுக்குக் கொஞ்சம் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எருமையையும் குறட்டையையும் வைத்து நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

இடது காது மூடிவிட்டது. வலது காதில் கீழே இருப்பவை மட்டும் வருகின்றன. மகள் பேசினால் கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ பேசுவது போல இருக்கும். கேஷவின் குரல் பரவாயில்லை. மிஷின் வைத்துப் பார்த்தேன். பேச்சுக்கு ஓரளவு உதவுகிறது. ஆனால் டிவியில் ஒரு பாட்டு வந்தது, தட்டுகளைக் கீழே போட்ட மாதிரி இருந்தது. கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன். மிச்சமிருப்பதும் நிற்காது என்று டாக்டர் சொல்கிறார். சாயங்காலம் ஆனால் வலது காதும் களைத்துப் போய் அடைத்துக்கொள்கிறது.

அன்று நான் எதையும் இறக்கவில்லை. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் பட்டன் உண்டே, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக யாரோ இறக்கி வைத்தது அப்படியே இருந்திருக்கிறது. அப்போதே எனக்கு ஒரு காதில் ஒரு சுருதி, மற்றதில் வேறொரு சுருதி. எது சரி என்று நிச்சயமில்லாமல் விரல்களை மட்டும் நம்பி வாசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பாதியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தீர்களே, அந்தப் பார்வையில்தான் தப்பு நடந்திருக்கிறது என்று புரிந்தது. என்ன தப்பு என்று பட்டனைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. காது போன ஆர்கனிஸ்ட் என்று பெயர் வாங்குவதைவிடத் திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்குவது எனக்கு மேலாகத் தோன்றியது. சபையில் வேறு யாருக்கும் இது புரியாது. உங்களுக்குப் புரியும்.

இப்போது என் பாட்டெல்லாம் தலைக்குள்தான். ஜெனரேட்டர் ஓடினால் அதன் மேல் ஒரு மெட்டை ஏற்றிப் பார்க்கிறேன். ஆட்களைப் பாட வைக்கிறேன். வேறு வாய் எனக்கு இப்போது பொழுதுபோக்கு இல்லை, அது ஒன்றுதான் இருக்கிறது. உயரத்தில் பாடுகிறவர்களை வைத்துப் பார்த்தால் சில நாளாக அவர்கள் வருவதில்லை. கெட்டில் எப்படிக் கூவும் என்பது மறந்துகொண்டு வருகிறது. உங்கள் குரல் ஒன்று மட்டும் மேலே அப்படியே நிற்கிறது. 88-ஆம் வருடக் கிறிஸ்துமஸ், தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு வீட்டு வாசல், கரண்ட் இல்லை, நீங்கள் மாலைப் பாட்டின் கடைசி வரியை ஒரே மூச்சில் ஏறினீர்கள்.

ஒன்று கேட்கலாமா? காது முழுதாக மூடுவதற்குள் ஒரு முறை பாடிக் காட்டுவீர்களா? போனில் முடியாது. நேரில்.

ஜெபகுமார்


கிழக்குத் தாம்பரம்
2 செப்டம்பர் 2025

அன்புள்ள திரு. ஜெபகுமார் அவர்களுக்கு,

என்னைப் பெயர் சொல்லி எழுதியிருந்தீர்கள். கவனித்தேன்.

பட்டன் விஷயத்தில் உங்களை இத்தனை நாள் தவறாக நினைத்திருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு. அதற்காகப் பாட வருவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அடக்கத்துக்குப் பிறகு நான் ஆலயத்தில்கூட வாய் திறப்பதில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. உங்கள் கடிதம் வந்த மறுநாள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு முயன்று பார்த்தேன். பழைய சுருதியில் இரண்டாவது அடியிலேயே உடைந்தது. வெடிப்பு விட்ட பானையைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். கடைசி வரிக்கு நான் போகவே இல்லை.

உங்கள் தலைக்குள் இருக்கும் குரல் நல்ல நிலையில் இருக்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் வந்து பாடினால் அதுவும் போய்விடும். பிறகு உங்களிடம் என்ன இருக்கும்? என்னிடமும் அது இல்லை. தனசிங்கிடம் இருந்தது, அவர் போய்விட்டார். இப்போது அந்தக் குரல் உயிரோடு இருக்கும் ஒரே இடம் உங்கள் தலை. அதைக் கெடுக்க நான் டிக்கெட் எடுத்து வரமாட்டேன்.

வேறு எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள். கெட்டில் எப்படிக் கூவும் என்று வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன். முதலில் மூக்கடைத்தது போல ஒரு முனகல். பிறகு அடியில் சிறு நடுக்கம். அதன் பின் யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரே ஏற்றம். எடுத்து இறக்கும்வரை அங்கேயே நிற்கும்.

இப்படிக்கு,
அபிகாயில் தனசிங்


நாவலூர்
17 அக்டோபர் 2025

அன்புள்ள அபிகாயில்,

பதில் தாமதம். நடுவில் காய்ச்சல், அதன் பிறகு வலது காது இன்னும் ஒரு படி இறங்கிவிட்டது. ரேஷ்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாள், அழுதாள், பிறகு ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வந்தாள். இப்போது வீட்டில் பெரும்பாலும் எழுதித்தான் பேச்சு. கேஷவின் கையெழுத்து மட்டும் புரிவதில்லை.

கெட்டிலுக்கு நன்றி. நீங்கள் எழுதிய ‘கையைப் பிடித்து இழுத்த மாதிரி’ என்ற இடத்தில் அது ஒரு கணம் வந்தது.

என் முறை பாக்கி இருக்கிறது. பாட்டு, மாலைப் பாட்டு. நம் விதிப்படி அதை ஒருநாளும் பாடமாட்டாத ஆளைத்தான் சொல்ல வேண்டும். தேடிப் பார்த்தேன். ரத்தினம் பாடிவிட்டார். எருமைகளைக் கேட்டால் மறுக்காமல் பாடும். பாடவே மாட்டேன் என்று உறுதியாக இருப்பது உலகத்திலேயே ஒருவர்தான். கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் இருந்தவர். குரல் வெடிப்பு விட்ட பானை மாதிரி என்று அவரே சான்று கொடுத்திருக்கிறார். இந்த ஆளை அடிக்க வேறு ஆள் இல்லை.

நான் கேட்பது 88-ஆம் வருடத்துக் குரலை இல்லை. அது இருக்கிறது. இப்போது இருக்கும் அபிகாயில் எப்படிப் பாடுவார் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குக் கேட்கவில்லை. வேறு யாரைச் சொன்னாலும் கேட்கிறது. இவரை மட்டும் கேட்க முடியவில்லை.

ஜெபகுமார்


கிழக்குத் தாம்பரம்
6 நவம்பர் 2025

அன்புள்ள ஜெபகுமார்,

13-ஆம் தேதி வியாழக்கிழமை காலை வருகிறேன். மழை எப்படி இருந்தாலும் சரி. பெரும்பாக்கத்தில் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்கிறார்கள், ஆட்டோக்காரர் பாடு அது.

இரண்டு வாரமாகப் பயிற்சி செய்கிறேன். தனசிங்கின் ஆர்மோனியத்தைத் துடைத்து வைத்து, உங்களுக்கு எது கேட்கும் என்று எழுதியிருந்தீர்களோ அந்த இடத்துக்குச் சுருதியை இறக்கினேன். ஆபேல் பாடும் இடம். முதலில் என் மானமே போவது போல இருந்தது. பிறகு அங்கே ஒரு குரல் இருப்பது தெரிந்தது. அதை நான் இதுவரை பயன்படுத்தியதே இல்லை, புதிதாகவே இருக்கிறது. நேற்று தனம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, உள்ள யாராச்சும் ஆம்பள வந்துகிறாங்களா?" என்று எட்டிப் பார்த்தாள். நான்தான் என்றேன். நம்பாமல் கட்டிலுக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஏசி, ஃபேன், வாஷிங் மெஷின் எதுவும் ஓடக்கூடாது. யாரும் போனில் படம் எடுக்கக் கூடாது. நன்றாக இருந்தது என்று மரியாதைக்குச் சொல்லக் கூடாது.

அபிகாயில் தனசிங்


நாவலூர்
15 நவம்பர் 2025

அன்புள்ள அபிகாயில்,

நீங்கள் போனதிலிருந்து எழுத வேண்டும் என்று உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். ஃபிரிட்ஜையும் நிறுத்தச் சொன்ன விருந்தாளியை கேஷவ் இதுவரை பார்த்ததில்லை. பலகையில் ‘ஆன்ட்டி செம ஸ்ட்ரிக்ட்’ என்று எழுதிக் காட்டினான். முதல்முறையாக அவன் கையெழுத்து எனக்குப் புரிந்தது. ரேஷ்மா உங்கள் நனைந்த சேலைக் கரையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள்.

மரியாதைக்குச் சொல்லக் கூடாது என்றீர்கள். உள்ளதைச் சொல்கிறேன்.

முதல் சரணம் கேட்டது. வார்த்தைகள் இல்லை, குரல் கேட்டது. ஓரத்தில் பிசிறடித்துக்கொண்டு, நடுவில் திடமாக, மழைக்காலத்தில் கனமான கதவைத் தள்ளித் திறப்பது போல இருந்தது. நான் போட்ட மெட்டு இவ்வளவு ஆழத்தில் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. நான் அதை மேலே தூக்கிப் போவதற்காகவே செய்தேன்.

இரண்டாம் சரணத்தில் காது அடைத்துக்கொண்டது. நீங்கள் கிளம்பி வரப் பத்தரை ஆகிவிட்டது, அதற்குள் ரேஷ்மாவிடமும் கேஷவிடமும் பேசிப் பேசி அது களைத்திருந்தது. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பீர்கள். அதனால் சொல்லவில்லை. உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதர் பெர்னதெத் சொல்லிக் கொடுத்த வாய் இல்லை அது. பல் தெரிந்தது.

வாயசைவை வைத்து மிச்சத்தை உள்ளே நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். 88-ஆம் வருடக் குரலைக் கூப்பிட்டேன். வரவில்லை. அன்று இரவும் கூப்பிட்டேன், நேற்றும் கூப்பிட்டேன். சானடோரியம் வீட்டு வாசல் வருகிறது, இருட்டு வருகிறது, நீங்கள் நிற்கிறீர்கள், வாய் திறக்கிறீர்கள். வருவது வியாழக்கிழமைக் குரல்.

நீங்கள் பயந்தது நடந்துவிட்டது. பழையதை அழித்துவிட்டீர்கள். இனி என் தலைக்குள் பாடப் போவது இது ஒன்றுதான், அதுவும் ஒரு சரணம் மட்டும். அதை நேற்று முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வருத்தமாக இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப வேண்டும்.

ஜெபகுமார்


கிழக்குத் தாம்பரம்
18 நவம்பர் 2025

அன்புள்ள ஜெபகுமார்,

நம்புகிறேன்.

ஆனால் முதல் சரணத்தின் மூன்றாவது அடியில் நான் தப்பான இடத்தில் மூச்சு எடுத்தேன். வார்த்தைக்கு நடுவில். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்தியது, உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று சமாதானம் செய்துகொண்டேன். இப்போது நீங்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதாக எழுதுகிறீர்கள். உங்களிடம் நிரந்தரமாக இருக்கப் போகிற குரல் இதுதான் என்றால், தப்போடு அதை விட்டுவைக்க என்னால் முடியாது. முதல் சரணத்தைத் திருத்த வேண்டும். அதற்கு முன், காது களைப்பதற்குள், மற்ற சரணங்களும் உங்களிடம் வந்து சேர வேண்டும்.

நாளை மறுநாள் வியாழக்கிழமை. இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேருமோ என்னவோ தெரியாது. காலை ஆறு மணிக்கே ஆட்டோ சொல்லிவிட்டேன். நான் வந்து சேரும்வரை யாரோடும் பேசிக் காதைக் களைப்பாக்க வேண்டாம், ரேஷ்மாவைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாம் சரணத்திலிருந்து ஆரம்பிப்போம்.

அபிகாயில்